ஈயம் போக மீதி

வேலாங்குப்பம் செஷன்ஸ் கோர்ட்டில் நான் டவாலியாக இருந்த கடைசி ஆறு வருஷமும், ஒருவர் சொல்லும் வார்த்தை எத்தனை எடை என்று பார்த்த பிறகுதான் அதைக் காதில் வாங்குவது என்ற வழக்கம் இருந்தது. அரசாங்கம் செய்த ஏற்பாடு. எனவே அதில் அர்த்தம் தேடி யாரும் நேரத்தை வீணாக்கவில்லை.

எடை பார்க்கும் மெஷின் நீதிபதியின் மேஜைக்கு இடது பக்கம் நின்றது. வெட் கிரைண்டர் அளவு. ஒரு பல்லை உள்ளே போட்டு மூடியைச் சாத்தினால் ஏழு நிமிஷம் முனகிவிட்டு ஒரு நம்பரைத் துப்பும். நாற்பத்தொன்று என்று வந்தால், அந்தப் பல்லுக்குச் சொந்தக்காரன் செய்கிற காரியத்தில் நூற்றுக்கு நாற்பத்தொரு பங்கு அவன் செய்வதில்லை, சின்ன வயதில் அவன் உடம்புக்குள் போன ஈயம் செய்கிறது என்று அர்த்தம். ஆயுத பூஜையன்று டைப்பிஸ்ட் அம்மாள் அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்துப் பொரிகடலை படைப்பார். பக்கத்திலிருந்த குற்றவாளிக் கூண்டுக்கு ஒரு பொட்டு வைக்க யாருக்கும் தோன்றியதில்லை.

மெஷினை ஓட்டியவர் டாக்டர் கபிலவாணன். வெளிநாட்டில் படித்தவர் என்பதை, மழை வருமா என்று கேட்டால்கூடச் சொல்லிவிடுவார். ஒரு நாள் டீ வாங்கிக் கொடுத்தபோது அவரிடம் கேட்டேன்.

"பல்லுக்குள்ள அப்படி என்ன சார் இருக்கு?"

"மரத்துல வளையம் இருக்கில்ல, அது மாதிரி பல்லுலயும் உண்டு பெரியவரே. பால் குடிச்சப்ப ஒரு கோடு, மண்ணுல தவழ்ந்தப்ப ஒரு கோடு. எந்த வருஷம் எவ்வளவு ஈயம் உள்ளே போச்சுன்னு தேதி போட்டு வெச்சிருக்கும்."

"ஈயத்தை ஏன் உடம்பு உள்ளே விடணும்?"

"சுண்ணாம்புச் சத்துன்னு நெனச்சு ஏமாந்துபோயிடுது. அங்கேயிருந்து மூளைக்குப் போகும். குழந்தையில ஒண்ணும் தெரியாது. மிஞ்சிப்போனா கொஞ்சம் மந்தம், கொஞ்சம் பிடிவாதம். பதினஞ்சு, இருபது வயசுலதான் வேலையக் காட்டும். ஆத்திரம் எல்லாருக்கும் வருது, உங்களுக்கும் வருது. ஆனா ஆத்திரத்துக்கும் ஓங்கின கைக்கும் நடுவுல ஒரு நொடி இருக்கு பாருங்க, அந்த நொடியத்தான் ஈயம் தின்னுடும்."

"பாக்கி?"

"பாக்கி அவன்."

"அதை உங்க மெஷின் கணக்கா சொல்லிடுதா?"

"ரெண்டு தசமப் புள்ளிவரைக்கும்," என்று டாக்டர் டீயை உறிஞ்சினார்.

இந்த மெஷினை வைத்து முதலில் வந்தது ஒரு கருணைச் சட்டம். குற்றம் செய்தவனுடைய தண்டனையில் ஈயத்தின் பங்கைக் கழித்துவிட வேண்டும். கவிஞர்கள் பாராட்டினார்கள். பாதிரியார்கள் பிரார்த்தனை செய்தார்கள். பத்தாவது பிரிவுவரை படித்துவிட்டு எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள். பதினோராவது பிரிவு அதற்கப்புறம் இருந்தது. சட்டசபையில் அதுவரை தூங்கிக்கொண்டிருந்த ஒரு உறுப்பினர் எழுந்து, "செய்யற காரியத்துல அறுபது பங்கு அவனுது இல்லைன்னா, பேசற பேச்சுலயும் அறுபது அவனுது இல்லைதானே?" என்று கேட்டாராம். பதில் யாருக்கும் தெரியாததால் அதையே சட்டமாக்கிவிட்டார்கள். அன்று முதல் அறுபது ஈயம் உள்ளவன் சொல்லுக்கு நாற்பது எடை. ஐம்பதுக்குக் கீழே எடை உள்ளவன் கொடுக்கும் புகாரைப் பதிவு செய்ய வேண்டியதில்லை.

இந்தப் பதினோராவது பிரிவைப் படித்துப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கிய ஒரே மனிதர் பட்டறைமேட்டுத் தனகோட்டி.

பட்டறைமேடு என்பது ஊருக்கு வடக்கே ஒரு தெரு. பழைய லாரி பேட்டரி, ஆட்டோ பேட்டரியெல்லாம் அங்கே வந்து சேரும். அவற்றை உடைத்து, தகட்டை எடுத்து, உலையில் போட்டு உருக்கிக் கட்டி கட்டியாக ஈயம் வார்ப்பது தனகோட்டியின் பட்டறை. அவருடைய அப்பா காலத்திலிருந்து நடந்தது. தெருவில் துணி காயப்போட்டால் சாம்பல் பூத்துவிடும். கீரை போட்டால் கீரை வரும். அதைத் தின்ற ஆடு வராது. தனகோட்டி வேலைக்கு அந்தத் தெருப் பிள்ளைகளை மட்டும்தான் வைப்பார். வெளியூர் ஆளுக்குக் கேட்டுக்கு உள்ளே இடமில்லை. "நம்ம தெரு, நம்ம பசங்க," என்பார். பாசம் என்று எல்லோரும் நினைத்தோம்.

அந்தப் பட்டறையில் இரண்டு வருஷம் வேலை பார்த்தவன் டில்லிபாபு. பத்தொன்பது வயது. ஒன்பதாம் வகுப்பில் வாத்தியார் உட்காரச் சொன்னதற்கு பெஞ்சைத் தூக்கி ஜன்னல் வழியாக அனுப்பியவன். அதற்குப் பிறகு மூன்று கண்டக்டர், ஒரு கல்யாண மண்டபத்துச் சமையல்காரர், ஒரு தபால்பெட்டி ஆகியோரோடு சண்டை. தபால்பெட்டி அவனை என்ன பேசிற்று என்பது எஃப்.ஐ.ஆரில் இல்லை.

அவனுக்கு ஜோஷிகா என்று ஆறு வயதில் ஒரு தங்கை. ஜூன் மாதம் கற்றுக்கொண்ட எழுத்தை ஆகஸ்டில் மறந்தாள். பிறகு பள்ளிக்கூடத்து மாடிப்படி ஏறுவதை மறந்தாள். ரத்தத்தைப் பரிசோதித்த ஆஸ்பத்திரி, ஈயம் என்று எழுதிக் கொடுத்து, "சத்தான ஆகாரம், சுத்தமான காற்று" என்று கீழே கோடும் போட்டு அனுப்பியது. காற்றுக்கு எந்தக் கடைக்குப் போவது என்று எழுதவில்லை.

டில்லிபாபு மனு எழுதினான். பட்டறையின் புகைபோக்கியில் மாட்டியிருக்கும் வடிகட்டிப் பெட்டி வெறும் காலி டப்பா, அதற்குள் புறா குடியிருக்கிறது, அமிலத் தண்ணீரை ஞாயிற்றுக்கிழமைகளில் தூர்ந்துபோன ஆழ்துளைக் கிணற்றில் விடுகிறார்கள், நானே குழாய் பிடித்திருக்கிறேன் என்று ஏழு மனு. ஏழுக்கும் 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது. மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினோரு மணிக்கு அவன் கடப்பாரையோடு பட்டறைக்குள் போய் வடிகட்டிப் பெட்டியையும், உலைக்கதவையும், தனகோட்டியின் வலது முன்கையை இரண்டு இடத்திலும் உடைத்தான்.

கேஸ் எங்கள் கோர்ட்டுக்கு வந்தது. ஐந்து வருஷத்துக்குக் குறையாத குற்றம். கழிவு பார்க்க வேண்டும் என்றால் அவனுடைய பல் வேண்டும். வாயில் இருக்கும் பல்லை ஆளின் சம்மதம் இல்லாமல் பிடுங்கக்கூடாது என்று உத்தரவு இருந்தது. ஆனால் உதிர்ந்த பல் மரத்திலிருந்து உதிர்ந்த சருகு மாதிரி. யார் வேண்டுமானாலும் பொறுக்கலாம் என்று சட்டம் வியாக்கியானம் செய்திருந்தது. டில்லிபாபுவின் பால்பல் எங்கே என்று நீதிபதி மிருணாளினி கேட்டார்.

அவனுடைய அம்மா அமுலு கூண்டுக்கு வெளியே நின்றபடி சொன்னாள்: "கூரை மேல கீதும்மா."

"உங்க வீட்டுக் கூரையா?"

"எங்க கூரை கைக்கு எட்டும்மா. ஒசரமான கூரையில போட்டாதான் பல்லு ஒசந்து மொளைக்கும்னு, எங்க தெரு பசங்க பல்லெல்லாம் பட்டறைக் கூரையிலதான் எறிவாங்கோ. சாணியில உருட்டி."

நீதிபதி பேனாவை மூடி, மறுபடி திறந்தார். தலைமுறை தலைமுறையாகப் பட்டறைமேட்டுக் குழந்தைகள், தங்கள் பல்லை அரித்த புகை வரும் அதே கூரையின் மேல், நல்ல பல் கொடு என்று வேண்டிக்கொண்டு பல்லை எறிந்திருக்கிறார்கள். கூரைத் தகரத்தின் ஓரம் மழைத்தண்ணீர் ஓடும் பள்ளத்தில் நானூற்றுப் பன்னிரண்டு பல் கிடந்தன. டாக்டர் கபிலவாணன் ஏணி வைத்து ஏறி, பிரஷ்ஷால் கூட்டி, பிளாஸ்டிக் பையில் அள்ளினார். அவருடைய உதவியாளர் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டு மூக்கையும் பிடித்துக்கொண்டார்.

"வெளிப்பக்கம் புகை படிஞ்சதை எப்படி சார் பிரிப்பீங்க?" என்றேன்.

"மேல் படலத்தை எடுத்துடுவோம். உள்ளே இருக்கற கோடுதான் கணக்கு. யாரோட பல்லுங்கறதுக்கு ரேஷன் கார்டுல மரபணு இருக்கே."

அவர் டில்லிபாபுவின் பல்லை மட்டும் போட்டிருக்கலாம். பை நிறைய இருந்தது. மெஷினும் சும்மா இருந்தது. டாக்டருக்கு ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை பாக்கி இருந்தது. நானூற்றுப் பன்னிரண்டையும் போட்டார். டில்லிபாபுவுக்கு அறுபத்து நாலு. தெருவில் பிறந்து வளர்ந்தவர்களில் ஐம்பதுக்குக் கீழே ஈயம் உள்ளவர் ஒருவரும் இல்லை. சருகுதானே என்று பட்டியலை நோட்டீஸ் பலகையில் ஒட்டிவிட்டார்கள்.

அப்புறம் பட்டறைமேட்டில் வாழ்க்கை எளிதாகிவிட்டது, அதிகாரிகளுக்கு. ரேஷன் கடையில் அரிசி குறைகிறது என்றால், "உன் நம்பர் என்ன?" என்பார்கள். தண்ணீர் லாரி வரவில்லை என்றால், "ஈயம் பேசுது, நீ போ," என்பார்கள். வேறு தெருவில் வீடு கேட்டுப் போனால் வீட்டுக்காரர் பட்டியலைப் பார்த்துவிட்டு வாடகைக்கு விட்டாயிற்று என்பார். பள்ளிக்கூடத்தில் அந்தத் தெருப் பிள்ளைகளைக் கடைசி பெஞ்சில், வாசலுக்குப் பக்கத்தில், தூக்கி எறிய முடியாதபடி பெஞ்சைத் தரையோடு போல்ட் போட்டு உட்கார வைத்தார்கள். வார்டு கவுன்சிலர், தன் பகுதியில் அந்த வருஷம் ஒரு புகாரும் பதிவாகவில்லை என்று கேடயம் வாங்கினார்.

பட்டியலில் எழுபத்தெட்டு என்று ஒரு நம்பர் இருந்தது. அது தனகோட்டியுடையது. அவரும் அந்தத் தெருவில் பிறந்து, அப்பனின் கூரை மேலேயே பல்லை எறிந்தவர்தானே. அழுவார் என்று எதிர்பார்த்தேன். தொழிலாளர் எல்லோருக்கும் பரோட்டா வாங்கிக் கொடுத்தார். இனிமேல் அவர் என்ன செய்தாலும் அதில் இருபத்திரண்டு பங்குதான் அவர் செய்தது.

கோர்ட்டில் கூத்து என்னவென்றால், டில்லிபாபுவுக்குக் கருணை காட்ட வேண்டும் என்று மன்றாடியவர் தனகோட்டியின் வக்கீல். "எங்கள் கட்சிக்காரர் பெருந்தன்மையானவர். அந்தப் பையன் நோயாளி. அறுபத்து நாலு பங்கு கழித்து, சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிவிடலாம்," என்றார். கட்டுப்போட்ட கையைத் தூக்கித் தனகோட்டி ஆமோதித்தார். ஈயம் எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்கு, நம் முன்னோர்கள் ஈயச் சொம்பில் ரசம் வைத்துக் குடித்தவர்கள்தானே என்றார் வக்கீல். அது வெள்ளீயம், இது காரீயம் என்று டாக்டருக்குத் தெரியும். அவர் தன் கட்டுரையில் ஏதோ திருத்திக்கொண்டிருந்தார்.

கருணைக்குக் காரணம் இருந்தது. டில்லிபாபு கழிவை ஏற்றுக் கையெழுத்துப் போட்டால் அவனுடைய சொல் முப்பத்தாறு எடை. வடிகட்டிப் பெட்டியைப் பற்றியும் ஆழ்துளைக் கிணற்றைப் பற்றியும் அவன் கொடுத்த புகார் குப்பைக் கூடைக்குப் போகும். பட்டறைக்குள்ளே நடப்பதைக் கண்ணால் பார்த்தவர்கள் தெருப் பிள்ளைகள் மட்டும்தான். அவர்கள் எல்லோருடைய சொல்லும் அதே கூடைக்குத்தான். வெளியூர் ஆளைத் தனகோட்டி ஏன் உள்ளே விடவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் புத்தி எப்போதும் தீர்ப்புக்குப் பிறகு வருவது.

டில்லிபாபு கையெழுத்துப் போட மறுத்தான்.

"மத்த சண்டையெல்லாம் ஈயம்னு எழுதிக்கோங்கம்மா," என்று நீதிபதியிடம் சொன்னான். "கண்டக்டர அடிச்சது, பெஞ்ச எறிஞ்சது, எல்லாம். இது மட்டும் நான்."

நீதிபதி டாக்டரைப் பார்த்தார். டாக்டர் எழுந்து, "பின்விளைவை யோசிக்காமல் முடிவெடுப்பது இந்த நோயின் முக்கியமான அறிகுறி. தனக்கு நல்லதை அவர் மறுப்பதே ஈயத்துக்குச் சாட்சி," என்றார். ஆக, அவனுடைய மறுப்புக்கும் முப்பத்தாறு எடைதான் என்று ஆயிற்று. அவனுக்குப் பைத்தியம் என்று சொல்லியிருந்தால்கூட மரியாதையாக இருந்திருக்கும்.

இலவச சட்ட உதவியில் அவனுக்காக வந்த வக்கீல் ஜெசிந்தா ஒரு வாரம் தவணை வாங்கினார். அன்று மதியம் வராந்தா பெஞ்சில் அவர், கைவிலங்கோடு டில்லிபாபு, அமுலு மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். காவலுக்கு வந்த போலீஸ்காரர் சாப்பிடப் போனதால் நான் நின்றேன்.

"போட்டுட்றா. அஞ்சு வருசத்துல கழிவு போயி, உள்ள இருந்த நாளும் போயி, இன்னும் ஒன்ற வருசம். கண்ண மூடித் தெறக்கறதுக்குள்ள போயிடும்," என்றாள் அமுலு.

"போட்டா பட்டறை ஓடும்மா."

"ஓடட்டுமே. நீ இல்லாத ஊட்ல அது ஓடினா இன்னா, நின்னா இன்னா?"

"அந்த ஊட்ல பாப்பா இல்லியா?"

அமுலு முந்தானையால் அவன் கழுத்து வியர்வையைத் துடைத்தாள். விலங்கிட்டிருந்ததால் அவனால் விலக முடியவில்லை.

ஜெசிந்தா சட்டப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே சொன்னார்: "பதினாலாவது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. குற்றவாளி இந்தக் காரியத்தைத் தெரிஞ்சு, யோசிச்சுத்தான் செஞ்சான்னு ஒரு முழு எடை சாட்சி சத்தியம் பண்ணா, அந்தக் காரியத்துக்கு மட்டும் கழிவு கிடையாது. காரியம் முழுசா அவனுது. அதைப் பத்தி அவன் சொல்றதும் முழுசா அவனுது. புகாருக்கு நூறு எடை. அன்னைக்கே பட்டறைக்கு சீல் வெச்சுட்டுத்தான் விசாரணை."

"அப்ப இவனுக்கு?"

"அஞ்சு வருஷம். ஒரு நாள் குறையாது."

"அப்படி ஒரு பிரிவ எவன் எழுதனான்?" என்றான் டில்லிபாபு.

"யாரோ பெரிய மனுஷன் தன் மருமகனை முழுசா உள்ளே தள்ளறதுக்காகப் போட்டதுன்னு பேச்சு. முழு எடைன்னா தொண்ணூறுக்கு மேல. அவங்களைக் குறுக்கு விசாரணைகூடப் பண்ணக்கூடாது. ஆனா உங்க தெருவுல அப்படி ஒருத்தருக்கு எங்கே போறது?" ஜெசிந்தா புத்தகத்தை மூடிவிட்டு அமுலுவைப் பார்த்தார். "நீங்க பொறந்தது எங்கம்மா?"

"சவ்வாது மல. கட்டிக்கினுதான் இங்க வந்தேன்."

"உங்க பேர் பட்டியல்ல இல்லையே."

"எங்க ஊர்ல பல்ல எலி வளையில போடுவாங்கோ."

எங்கள் நாலு பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. தெருவின் மருமகள்கள் எல்லோரும் வெளியூர். அவர்களுடைய குழந்தைப் பருவம் வேறு காற்றில் கழிந்தது. இத்தனை வருஷம் மனு எழுதியவர்கள், கூட்டம் போட்டவர்கள், மறியல் செய்தவர்கள் எல்லோரும் தெருவின் ஆண் பிள்ளைகள். பொம்பளைங்களுக்கு என்ன தெரியும் என்று ஒருத்தியிடமும் ஒரு கையெழுத்து வாங்கியதில்லை.

"கடைவாய்ப் பல்லும் குழந்தையில உருவாகறதுதான்," என்றார் ஜெசிந்தா. "அதைக் கொடுத்தா உங்க நம்பர் தெரிஞ்சிடும். ஆனா பிடுங்கணும். நல்ல பல்லு."

"பிடுங்கிக்கச் சொல்லு."

"இருங்க. நம்பர் மட்டும் போதாது. அன்னைக்கு அவன் தெரிஞ்சுதான் போனான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? போறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஏதாவது சொன்னானா?"

அமுலு மகனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"மொதல்ல பல்ல எடுங்கம்மா," என்றாள். "கூண்டுல ஏறி சொல்லிக்கறேன்."

"என்ன சொல்லுவீங்கன்னு எனக்குத் தெரியணுமே. இவன் ஒன்றரை வருஷத்துல வீட்டுக்கு வர்றதா, அஞ்சு வருஷம் கழிச்சு வர்றதாங்கறது உங்க ஒரு வார்த்தையில இருக்கு."

"அதான் எனக்கே தெரியலியே," என்றாள் அமுலு. போலீஸ்காரர் வெற்றிலை போட்டுக்கொண்டு திரும்பி வந்துவிட்டார்.

அடுத்த வாய்தாவில் மெஷின் ஏழு நிமிஷம் முனகி ஒன்பது என்றது. அமுலுவின் சொல்லுக்குத் தொண்ணூற்றொன்று எடை. கோர்ட்டில் இருந்த வக்கீல்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். அவர்களில் பாதிப் பேர் அந்த எடையை வாழ்நாளில் நேரில் பார்த்ததில்லை. நான் மூன்று தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டேன். ஒரு கன்னம் வீங்கிப்போய், வாயில் பஞ்சோடு, இரும்பு வாளியில் தண்ணீர் கொண்டுவருகிறவள் மாதிரி ஒரு பக்கம் சாய்ந்து நடந்து வந்து அவள் கூண்டில் ஏறினாள்.

தனகோட்டியின் வக்கீல் கையைக் கூப்பினார். இதற்கு முன் அவர் எந்தச் சாட்சியையும் கும்பிட்டு நான் பார்த்ததில்லை. "அம்மா, நீங்க பெத்த தாய். உங்க பையன் நோயாளின்னு உங்களைவிட யாருக்குத் தெரியும்? ஒரே வார்த்தை சொல்லுங்க. கூட்டிட்டுப் போய் வளர்த்துக்கலாம்."

"அஞ்சு வருஷம்னா அஞ்சு வருஷம்தான், அம்மா. தெரிஞ்சுகிட்டுச் சொல்லுங்க," என்றார் நீதிபதி. கல்மனசுக்காரர், ஆனால் அன்று மின்விசிறியை அவளுக்கு நேராகத் திருப்பச் சொன்னார்.

அமுலு பஞ்சை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். குற்றவாளிக் கூண்டில் நின்ற மகனைப் பார்த்தாள். பெஞ்சு கிளார்க் இரண்டு தடவை தொண்டையைக் கனைத்தார்.

"அன்னிக்கி வூட்ட உட்டுப் போறப்ப எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போனான்," என்றாள். "'ஏழு மனு போட்டுப் பாத்துட்டேம்மா. இனிமே போட ஒண்ணும் இல்ல. போயி அந்தப் பொட்டிய ஒடச்சிட்டு வரேன். ஜெயிலுக்குத்தான் போவேன், தெரியும்'னான். சோறு சாப்ட்டுட்டுப் போடான்னேன். சாப்ட்டுட்டுத்தான் போனான்."

"நிதானமா இருந்தாரா?"

"கை கழுவிட்டு, தட்டையும் கழுவி வெச்சிட்டுப் போனான். அதுக்கு மேல நிதானம்னா இன்னான்னு எனக்குத் தெரியாதும்மா."

குறுக்கு விசாரணை இல்லை. தொண்ணூற்றொன்று ஆயிற்றே.

டில்லிபாபுவுக்கு ஐந்து வருஷம். தீர்ப்பைக் கேட்டதும் அவன் தலையை நிமிர்த்திக்கொண்டான். புகார் நூறு எடையில் பதிவாயிற்று. தனகோட்டி அலறியடித்துக்கொண்டு எல்லாவற்றையும் மறுத்தார். அவர் மறுப்புக்கு இருபத்திரண்டு எடை என்று கிளார்க் பார்த்துச் சொன்னார். பரோட்டா செலவு வீண். அன்று சாயங்காலமே மாசுக் கட்டுப்பாட்டு ஆய்வாளர் பட்டறைக்குப் போனார். பன்னிரண்டு வருஷமாக அவரே கையெழுத்துப் போட்டு நற்சான்று கொடுத்த வடிகட்டிப் பெட்டியை, உடைந்த பிறகு, முதல் தடவையாக நேரில் பார்த்து, "அடடா, காலியா இருக்கே," என்று ஆச்சரியப்பட்டார். ஆச்சரியத்தை அறிக்கையிலும் எழுதினார். வாசலில் அரக்கு முத்திரை விழுந்தது. உலை அவிந்தது.

தீர்ப்பு நாளன்று, சிறை வேன் கிளம்பிப் போன பிறகு, அமுலு கோர்ட் வாசலில் பஸ்ஸுக்கு நின்றாள். நான் ஒரு டம்ளரில் உப்புத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். கொப்பளித்துத் துப்பினாள்.

"ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதே," என்றேன். "ஒடைக்கப் போறேன்னு சொல்லிட்டுப் போனவனை நீ ஏம்மா தடுக்கலை?"

"நான் எங்கய்யா இருந்தேன் தடுக்க?" என்றாள். "வெடியக்காலமே பாப்பாவத் தூக்கிகினு பெரியாஸ்பத்திரி வரிசையில போய் நின்னுட்டேன். சாயங்காலம் போலீசு வந்து சொல்லித்தான் எனக்கே தெரியும்."

"அப்ப சோறு சாப்பிட்டது, தட்டைக் கழுவினது?"

"அன்னிக்கி எங்க வூட்ல சோறே ஆக்கல."

"அவனும் சொன்னானேம்மா, இது மட்டும் நான்தான்னு."

அவள் டம்ளரை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். "அவனுக்கு ஒண்ணும் நெனப்பில்லய்யா. பட்டறை கேட்டாண்ட நின்னானாம். அப்புறம் பாத்தா கையில கடப்பாரை, எதிர்ல அந்தாளு கீழ கெடக்கறானாம். நடுவுல ஒண்ணும் இல்ல. லாக்கப்புல ரெண்டு மாசம் ஒக்காந்து யோசிச்சிப் பாத்துட்டான். வரலயாம். 'வரலன்னா போவுதும்மா, நானே பண்ணதா இருக்கட்டும்'னு சொல்லிட்டான். அவன் அவ்ளோ சொல்லச்சொல்ல நான் எப்டிய்யா..."

பஸ் திருப்பத்தில் தெரிந்தது. அவள் மூட்டையை எடுத்துக்கொண்டாள். பிறகு ஏதோ தோன்றியவளாக என்னை ஏறிட்டுப் பார்த்தாள்.

"கோர்ட்டுல வேல பாக்கறவங்களுக்கும் நம்பர் எடுத்தாங்களாமே. உங்களுது இன்னாய்யா?"

என் அப்பா அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்தவர். ஈய எழுத்துகளை வாயில் போட்டுச் சப்பிக்கொண்டு வளர்ந்தவன் நான். எண்பத்து மூன்று என்று சொன்னேன்.

"அப்பப் பரவால்ல," என்று அவள் பஸ்ஸில் ஏறினாள். "யார்கிட்ட வோணா சொல்லிக்கோங்க."